எலுமிச்சம்பழம் அறுத்த குக்ரி

1 அக்டோபர் 2025, புதன்கிழமை, புரட்டாசி 15, ஆயுத பூசை.

என் போர்க்கத்திச் சேகரிப்பில் முதன்மையானது, 1943 என ஆண்டு பொறித்த கூர்க்கா குக்ரி. அதன் அலகில் படிந்த சாம்பல் நிறமே அதன் வயதுக்குச் சான்று. இன்று நான் குளித்து வருவதற்குள் என் மனைவி அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தாள். அவள் தம்பி அந்தக் குக்ரியாலேயே எலுமிச்சம்பழம் அறுத்துத் தன் வண்டிச் சக்கரத்தடியில் வைத்துவிட்டார். சாறு பட்ட இடமெல்லாம் கறுத்துவிட்டது.

“ஆயுத பூசைக்கு ஆயுதத்தக் கும்புடாம, மிக்சியவும் டிவியவுமா கும்புடச் சொல்லுறீக?” என்றாள் அவள்.

“விடுங்க மச்சான், நாளைக்கு விஜயதசமி. எங்கூருப் பட்டறையில மொத வேலையா இதச் சாணை பிடிச்சு மின்ன வச்சுருவோம்” என்றார் தம்பி.

கூடாது என்று மூன்று முறை சொன்னேன். மாலையில் பெட்டியைத் திறந்தால் உறை மட்டுமே இருக்கிறது.

“நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீக. அதான் குடுத்துவிட்டேன்” என்கிறாள்.

சாணை பட்டால் அந்த ஆண்டெழுத்து அழிந்துவிடும். தம்பி தொலைபேசியை எடுக்கவில்லை. அவர் ஊரான காமயகவுண்டன்பட்டிக்கு முதல் பேருந்து காலை ஐந்து பத்துக்கு. பட்டறை திறக்குமுன் நான் அதன் வாசலில் நின்றாக வேண்டும். மனைவியும் உடன் வருகிறாளாம். தம்பி சுண்டலை மறந்துவிட்டுப் போய்விட்டாராம்.