எஸ். ராஜமேரி என்பது நான்தான்

இயேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்
18-7-76

அன்பு மகள் ராஜமேரிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். உன் சுகத்தை ஆண்டவர் காப்பாராக. அதைக் கெடுக்கிற காரியம் ஒன்றை நான் செய்துவிட்டதால்தான் இந்தக் கடிதம். தபாலில் போடப் பயந்து, லீவு முடிந்து பூனா திரும்பும் பட்டாளத்து மதலைமுத்துவிடம் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மற்ற நர்சுகள் எதிரில் பிரிக்காதே. கடலை விதைத்தாயிற்று, மழைதான் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இவ்வளவுதான் நல்ல செய்தி.

நீ வேலைக்குச் சேர்ந்த அன்று, இனி உன் பெயரில் கதை எழுதமாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று எழுதினேன். சர்க்கார் ஊழியன் அனுமதி இல்லாமல் பத்திரிகையில் எழுதக்கூடாது என்று உனக்கு ஐந்து வயதிலேயே உன் பெயரை எடுத்துக்கொண்டேன். ஞானஸ்நானத்தில் அதை உனக்குக் கொடுத்தவனே நான்தானே என்ற தைரியம். பத்திரிகைக்காரர்களும் எஸ். ராஜமேரியைப் பதினெட்டு வருஷமாக வளரும் இளம் எழுத்தாளர் என்றே போடுகிறார்கள். ஐம்பத்து நான்கு வயதில் வேறு யார் என்னை அப்படிச் சொல்வார்கள்? நிறுத்த முடியவில்லை அம்மா. ஊர் ஊராக நடந்து அம்மை குத்திய காலத்தில், பிள்ளையின் கையை நான் பிடித்திருக்கும்போது அது அழாமலிருக்கத் தாய் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். அந்தப் பேச்சில் பாதிதான் பிள்ளைக்கு, மீதி மாமியாருக்கு. நான் மீதியைக் கேட்டுக்கொண்டு வந்து, அரூர் நூலகத்தில் படித்த ருஷ்யக் கதைகளின் தைரியத்தில் எழுதிவிடுவேன். என் கையெழுத்து எனக்கே புரியாததால் அம்மா நகல் எடுப்பாள்.

அம்மை ஒழிந்ததும் எங்களைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க அனுப்பியது உனக்குத் தெரியும். ஞாயிறு பூசையில் சாமியார் என்னைப் பார்த்துத்தான் பிரசங்கம் செய்கிறார். பங்குனியில் எங்கள் பட்டியலில் நாற்பதுக்கு ஒன்று குறைந்தது. சூப்பர்வைசர் தீர்த்தகிரி, ஏதாவது ஒரு பேரைப் போடுய்யா, நேரமாச்சு என்றார். நான் வேடியப்பன், வயது முப்பத்தைந்து, மனைவி சம்மதம் உண்டு என்று எழுதினேன். ஊருக்கு மேற்கே சோளக்காட்டில் வில்லோடு நிற்கிற நடுகல் சாமிதான் அந்த வேடியப்பன். செத்து ஐந்நூறு வருஷமாவது இருக்கும். பட்டியல் பாசாகி வந்தது. அதை அப்படியே கதையாக்கினேன். கடைசியில் கலெக்டர் வந்து கல்லுக்குச் சான்றிதழ் கொடுப்பது மட்டும்தான் கற்பனை. தணிக்கையில் பக்திக் கதை என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். இந்த மாத முதல் வாரம் அச்சில் வந்தது.

வியாழக்கிழமை தீர்த்தகிரி கூப்பிட்டார். கதை எழுதியவர் யார் என்று கண்டுபிடித்து முப்பதாம் தேதிக்குள் எழுதச் சொல்லி மேலிருந்து காகிதம் வந்திருக்கிறது. பத்திரிகையில் கேட்டதற்கு இந்த ஊர் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் கதையைப் படித்துச் சிரித்திருக்கிறார்; கதையில வர்றது பக்கத்து பிளாக் சூப்பர்வைசர்தானுங்க, அச்சு அசல் அவனேதான் என்கிறார். அப்புறம், உங்க பொண்ணு பேரு ராஜமேரிதானே, பூனாவுலதானே இருக்குது என்று கேட்டார். அடுத்த மாதம் உன் வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்குப் போலீஸ் விசாரிப்பார்கள், அந்தக் காகிதத்தில் இந்த ஒரு வரி ஏறினால் போதும். இந்த எமர்ஜென்சியில் யாரை எதற்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்கக்கூட யாருமில்லை. நான்தானுங்க எழுதினேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் நம்பவில்லை. செபாஸ்டின், உமக்கு லீவு லெட்டரே நான்தான் திருத்தித் தரேன், பொண்ணக் காப்பாத்தப் பாக்கறீரு, பெத்த மனசு, புரியுது என்றார். நான் விடாமல் நிற்கவே, ஒரு தாளைக் கொடுத்து, அப்படீன்னா இங்கேயே ஒரு பக்கம் எழுதுங்க பாப்போம் என்றார். மூன்று மணிநேரம் உட்கார்ந்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் வந்த நாலு வரியைப் படித்துவிட்டு, ஊசி மருந்து இருப்பு ரிப்போர்ட் நல்லா இருக்குது என்றார். பதினெட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம். வீட்டுக்கு ஓடிவந்து, கையெழுத்துப் பிரதிகளை எடு என்றேன். அம்மா சேதி கேள்விப்பட்டு எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டிருந்தாள். ஒண்ணு விடாம எரிச்சிட்டேனுங்க, இனி பயமில்ல என்றாள். அன்றைக்கு வெந்நீர் நல்ல சூடு.

இப்போது ஒன்றுதான் இருக்கிறது. பட்டியல் எழுதிய அன்று சாயங்காலமே உனக்கு நாலு பக்கம் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? வேடியப்பனுக்கு நான் வயது போட்டது, சம்மதம் வாங்கியது, கலெக்டர் வந்தால் எப்படி இருக்கும் என்பது வரை. கதை அச்சாவதற்கு மூன்று மாதம் முந்தின தபால் முத்திரை அதில் இருக்கும். கோழி கிளறியதுபோன்ற அந்தக் கையெழுத்து உன்னுடையது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதைக் கவரோடு ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, சாமியார் விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. பொய்ப் பெயர் போட்டவனும் நான்தான் என்று அதில் இருக்கிறதே என்று யோசிக்காதே. டிசம்பரில் ரிடையர் ஆகவேண்டியவன், ஐந்து மாதம் முன்னால் அனுப்புவார்கள். பென்ஷன் போகும். அதற்கு மேலும் ஏதாவது வந்தால் வரட்டும், வயதானவனுக்கு உட்கார ஒரு இடம் போதும். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் எழுதாதே.

வேளைக்குச் சாப்பிடு, இரவு டூட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொள், யாராவது கேட்டால் உனக்குக் கதை எழுத வராது என்ற உண்மையைச் சொல். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள்.

படித்ததும் கிழித்துவிடு என்று ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எழுதுவேன். பங்குனிக் கடிதத்திலும் எழுதியிருப்பேன். சின்ன வயதிலிருந்தே நீ என் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை என்று ஊரெல்லாம் குறை சொல்லியிருக்கிறேன். நான்கு நாளாக அந்த ஒன்றைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். இதையும் கிழிக்காதே.

உன் அப்பா,
செபாஸ்டின்