கடைமடையின் சம்மதம்

இன்று காலை தொலைக்காட்சியில் மேசை தட்டும் சத்தம் கேட்டது. நாடாளுமன்றத்தில் ஏதோ மசோதா நிறைவேறுகிறது என்று அடுப்படியிலிருந்தே தெரிந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் நம் தொகுதி உறுப்பினர். அதே மனிதர், அதே உள்ளங்கை. நீங்கள் இருந்திருந்தால் எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்திருப்பீர்கள். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நமக்குள் இதுதானே சண்டை.

நீங்கள் நம்பியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகின்றன. குடவாசல் பக்கம் நம் வாய்க்காலில் தண்ணீர் முறை பேசும்போது, கடைசி வயல்காரர் தன் வாயால் "சம்மதம்" சொல்லாமல் மதகைத் திறப்பதில்லை. அந்தக் கடைமடை வயல் நம்முடையது. உங்களுக்காக ஊரே வெயிலில் வைதுகொண்டே காத்து நின்றிருக்கிறது. ஆற்று நீரை யார் பங்கிடுவது என்று டெல்லியில் மசோதா வந்தபோது, அங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள்.

ஊர் மறியலுக்குக் கிளம்பியது. நீங்கள் அசையவில்லை.

"நம்ம மெம்பர் எந்திரிச்சு சம்மதம்னு சொல்லணும்ல? அதுக்குள்ள என்ன அவசரம்?"

"ஆமாங்கிறவங்க சத்தம் பெருசா இருந்தா அங்க முடிஞ்சு போச்சுங்க," என்றேன். பஞ்சாயத்து உறுப்பினராக இருந்தவள் நான். சபைகளின் லட்சணம் எனக்குத் தெரியும்.

"போடி, அது என்ன மாட்டுச் சந்தையா?"

வேட்டியை மாற்றிக்கொண்டு அந்த மனிதரின் வீட்டுக்கே போய் வந்தீர்கள். காப்பி கொடுத்தாராம். "உங்களக் கேக்காம வாயே தொறக்க மாட்டேங்க" என்றாராம். வாக்குத் தவறவில்லை. வாயைத் திறக்கவே இல்லை, மேசையைத்தான் தட்டினார். அன்று நம் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் நீங்கள் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் மசோதா நிறைவேறிவிட்டது.

அரசியல் சட்டம் அந்தச் சபைக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் கொஞ்சமா? அமைச்சரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாம். திருத்தம் கொண்டுவரலாம். வேண்டாத அரசையே வீட்டுக்கு அனுப்பலாம். குரங்கு கைப் பூமாலை என்பார்கள். குரங்காவது பிய்த்துப் பார்க்கும். இவர்களுக்குக் கையில் மாலை இருப்பதே தெரியாது.

குரல் போதாது, வாக்கை எண்ணுங்கள் என்று ஒரே ஓர் உறுப்பினர் கேட்டிருக்கலாம் என்று அன்று சொன்னேன். "ஒருத்தர் எந்திரிச்சா போதுமா?" என்றீர்கள். பிறகு வெகுநேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த முகத்துக்காகவே அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை.

போன வாரம் முறை பேசக் கூடினோம். நீங்கள் போன பிறகு முதல் கூட்டம். வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரர்கள் முதலில் தங்கள் நடவை முடித்துக்கொள்வார்களாம். மிச்சம் இருந்தால் நமக்கு வருமாம். நம் நாற்று அதுவரை காய வேண்டியதுதான்.

"எல்லாருக்கும் சரிதானே?" என்றார் தலைமடைப் பண்ணைக்காரர்.

"சரி, சரி" என்று ஒரு முனகல். மதகைத் திறக்க ஆள் கிளம்பிவிட்டது. டெல்லி நம் வாய்க்கால் கரைக்கே வந்துவிட்டது.

எழுந்தேன். "முனகினா ஆச்சா? ஒவ்வொருத்தரா கேளுங்க."

கேட்டார்கள். ஒவ்வொருவராகச் சொல்லி முடித்து, கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, உங்களைவிடச் சத்தமாகவே சொன்னேன்.

"கடைமடைக்குச் சம்மதம் இல்லைங்க."

மதகு திறக்கவில்லை. முறையைத் திரும்பப் பேசினார்கள்.

போதுங்க. ஒருத்தர் எழுந்தால் போதும்.