மூன்றாவது ஆள் வழியாக வந்த பந்து

அன்பு மகளுக்கு,

உன் அம்மாவும் நானும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போவதில்லை. நீ நலம் என்பதை, அம்மாவிடம் நீ பேசும்போது பக்கத்து அறையில் இருந்தபடி தெரிந்துகொள்கிறேன். பதினொரு மாதமாக உன்னிடம் நான் பேசவில்லை. உன் கல்யாண முடிவை நீ முதலில் சொன்னது உன் சித்தப்பாவிடம், பெற்றவன் நான் அதை அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

விளையாட்டு மன்றத்தில் ஆண்கள் அணியை என்னிடமிருந்து பிடுங்கிச் செயலாளர் தன் மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டார், எனக்கு மிஞ்சியது மருத்துவமனை நர்சுகளின் கால்பந்து அணி. இருபது வருடம் உழைத்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று தினமும் கேட்கிறேன், உன் அம்மா குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தப் பெண்கள் சொன்னதைச் செய்கிறார்கள். பந்தை ஒரு தொடுதலில் அடக்கு, அடுத்ததில் அனுப்பு, எதிரே ஆள் மறித்தால் பக்கத்தில் இருப்பவளிடம் கொடு, அவள் வழியாகப் போகட்டும் என்பது என் பாடம். ஆரம்பத்தில் பயிற்சிக்கு வந்த எட்டுப் பேரும் "தா, தா" என்று கத்தி மைதானத்தைச் சந்தைக்கடை ஆக்கினார்கள். அறுவைசிகிச்சைப் பிரிவு சிஸ்டர் ஒருத்தி, எல்லோருக்கும் தையலக்கா, அதை மாற்றினாள். "கேக்கவே வேணாம் சார், 'இருக்கேன்'னு சொன்னா போதும், பந்து வச்சிருக்கறவளே குடுப்பா" என்றாள். அப்படியே நடக்கிறது.

போன சனிக்கிழமை மறிக்கும் ஆளாக நானே நின்றேன். தையலக்கா பந்தைப் பக்கத்துப் பெண்ணிடம் தட்ட, அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றவளுக்கு அனுப்பிவிட்டாள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, விசில் ஊதி, நேராகக் கொடுக்காமல் ஏன் சுற்றி அனுப்பினாய் என்று கத்தினேன். "நேரா குடுக்கத்தான் சார் பார்த்தேன், நீங்க அகலமா நின்னுட்டீங்க. பந்து போய்ச் சேரணும்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் பாடத்தை எனக்கே சொல்கிறாள். மறுபடி விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தேன்.

வீட்டுக்கு வந்தும் அது விடவில்லை. சித்தப்பாவிடம் சொல்வதற்கு முந்தின வாரம் நீ இரண்டு முறை சாப்பாட்டு மேசையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாய். இரண்டு முறையும் நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்கு அப்போதே தெரியும். சித்தப்பா மேல் உள்ள வருத்தம் தீரவில்லை, அதை என்னிடம் சொல்லும்போது அவன் சிரித்தான், அது வேறு விஷயம்.

அடுத்த மாதம் நீ வரும்போது சித்தப்பா வீட்டில் தங்கப்போவதாக அம்மா சொன்னாள். இங்கே வா. மாப்பிள்ளையையும் கூட்டி வா. உன் அறையில் போட்டு வைத்திருந்த பந்துகளையும் வலைகளையும் எடுத்துவிட்டேன், ரப்பர் வாடை போக ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன். என்ன பேசுவதென்று உடனே வராது, சத்தமில்லை என்று வைத்துவிடாதே.

இருக்கேன்.

அப்பா