குல்சைரா எழுதாத வாழ்த்து

கோக்-பெல்
28 செப்டம்பர் 1998

என் முரட்டு அண்ணன் தாலாய்பெக்கிற்கு,

உங்கள் தங்கை பெகாயிம் உயிரோடு இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், இருமல் இல்லை. இந்த வரியை மட்டும் அம்மாவிடம் உரக்கப் படித்துவிடுங்கள். மீதி உங்களுக்கு.

வானொலி நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்ததெல்லாம் வீண். முதல் வாரம் முழுக்க அடுப்புக்கு நிலக்கரி அள்ளினேன், ஒலிநாடா சுற்றினேன், தேநீர் போட்டேன். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் சயினா அக்காவுக்கு வாயைத் திறந்தாலே ஏச்சுதான். "குரல் நல்லாத்தான் இருக்கு, மூளைதான் எங்கயோ மேயப் போயிருக்கு" என்றார். ஆனாலும் நேற்று எனக்கு ஞாயிறு நண்பகல் வாழ்த்து நேரத்தைக் கொடுத்துவிட்டார். கேட்டீர்களா? அம்மா கேட்டாளா? ஒரு கிழவரின் எழுபதாவது பிறந்தநாளை இருபதாவது என்று வாசித்துத் தொலைத்தேன். அவர் போன் செய்து நன்றி சொன்னாராம்.

இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. பிறந்தநாள், குழந்தைப் பேறு என்று எந்தக் கடிதம் வந்தாலும் அப்படியே வாசிக்கலாம். கல்யாண வாழ்த்து என்றால் மணப்பெண்ணின் கையெழுத்து இருக்கவேண்டும், சயினா அக்கா அதைப் பார்த்திருக்கவேண்டும். மூன்று வருடம் முன்னால் கையெழுத்தில்லாத ஒன்றை வாசித்திருக்கிறார்கள். பெண்ணின் சகோதரர்கள் இரும்புக் கம்பியோடு வந்து கண்ணாடியையும் உடைத்தார்கள், அறிவிப்பாளரின் தாடையையும் உடைத்தார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் இன்னும் பலகைதான். அந்த மனிதருக்கு வாய் ஒரு பக்கமாகத்தான் திறக்கிறதாம்.

டிசம்பர் வரை தப்பு செய்யாமல் இருந்தால் வேலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அப்பா போன பிறகு ஊரே வேண்டாம் என்று சொல்லியும் என்னைப் படிக்க அனுப்பியவர் நீங்கள். உங்கள் பேரைக் காப்பாற்றுவேன்.

முத்தங்களுடன்,
பெகாயிம்


சாரி-தால்
5 அக்டோபர்

வானொலி மகாராணிக்கு அண்ணன் எழுதுவது,

கேட்டோம், கேட்டோம். சமையலறைச் சுவரில் ரேடியோ பேசப் பேச அம்மா அதன் கீழேயே நின்று அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, உன் குரலையும் கேட்டு, ஒரு தட்டு பொர்சொக் பணியாரத்தையும் தின்று தீர்த்துவிட்டுப் போனாள். அவள் வீட்டு ரேடியோவில் உன் குரல் வராது போலிருக்கிறது.

இப்போது ஒரு காரியம். மக்சத்தை உனக்குத் தெரியும். கணவாயில் என் கார் கவிழ்ந்தபோது இடுப்பளவு பனியில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன். அவனுக்குக் கல்யாணம். பெண் மேல்தெரு காதிரின் மகள் குல்சைரா, நர்ஸ் படிப்பு படிக்கிறவள், பள்ளியில் உனக்கு இரண்டு வகுப்பு இளையவள். இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அவள் அப்பாவுக்குத்தான் தெரியாது. சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே இவன் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஞாயிறு நண்பகல் நீ இதை வாசித்தால் காதிர் கோபத்தோடு கிளம்பாமல் இருப்பார்:

"அப்பா, அம்மா, நான் மனம் நிறைந்து மக்சத் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கிறேன். கோபப்படாதீர்கள், என்னைத் தேடி வரவேண்டாம். வழக்கப்படி சமாதானத்துக்கு ஆட்டோடு நாங்களே வருகிறோம். உங்கள் மகள் குல்சைரா."

கையெழுத்து வாங்கப் போனால் விஷயம் வெளியே வந்துவிடும். அண்ணன் சொல்வது போதாதா? நல்ல பாட்டாகப் பார்த்துப் போடு.

தாலாய்பெக்


கோக்-பெல்
14 அக்டோபர்

அண்ணா,

நான் வாசித்தேன். கையெழுத்து இருக்கிறதா என்று சயினா அக்கா கேட்டார். குல்சைரா என்று நானே கீழே கிறுக்கிக் காட்டினேன். ஓடிவந்த பெண் அப்பாவிடம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, குரலைக் குழைத்துக் குழைத்து வாசித்தேன். நன்றாக வாசித்தாய் என்று சயினா அக்கா முதல் முறையாகச் சொன்னார்.

நேற்று குல்சைராவின் அம்மா நிலையத்துக்கு வந்தாள். வந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "ஞாயித்துக்கிழமை பேசினவ யாரு?" நான்தான் என்றேன். என் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினாள். சயினா அக்காவும் பொறியாளரும் பிடித்து இழுத்தும் அவள் விடவில்லை. பிறகு தானாகவே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர் அவள் மகளைக் காரில் அள்ளிப்போட்டிருக்கிறார்கள். சாலையில் ஒரு ஷூவும் பையும் கிடந்தன. ஞாயிறு நண்பகல் நெருங்கும்போது காதிர் ஓநாய் சுடும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார், மகன்கள் குதிரைகளுக்குச் சேணம் கட்டினார்கள். வாசலில் கால் வைக்கும்போது சுவரிலிருந்து என் குரல் வந்திருக்கிறது. காதிர் நின்று கடைசி வரை கேட்டாராம். "அவளே சொல்லிட்டா. இனிமே போனா நமக்குத்தான் மானக்கேடு" என்று துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டாராம்.

தாய் மட்டும் நம்பவில்லை. திங்கட்கிழமை தனியாக மக்சத் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். ஜன்னலில் மகளைப் பார்த்திருக்கிறாள். உதடு கிழிந்திருந்தது, ஒரு கண் மூடியிருந்தது, வலது கையில் இரண்டு விரல்கள் பின்பக்கமாக வளைந்திருந்தன. யாரோ உள்ளிருந்து முடியைப் பிடித்து இழுத்ததும் ஜன்னல் காலியாகிவிட்டது.

எந்தக் கார் என்று கேட்டேன். பச்சை மாஸ்க்விச், பின் கதவு மட்டும் நீலம் என்றாள்.

நம் ஊரில் அப்படி ஒரு கார்தான் இருக்கிறது அண்ணா. நீங்கள் ஓட்டினீர்களா? அவள் விரும்பி வருகிறாள் என்று உங்களையும் ஏமாற்றினார்களா? அப்படித்தான் என்று ஒரு வரி எழுதுங்கள், நான் நம்புகிறேன். எழுதிவிட்டு, அந்த வீட்டுக்குப் போய் அவளைக் காரில் ஏற்றி அவள் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பெகாயிம்


சாரி-தால்
18 அக்டோபர்

பெகாயிம்,

பட்டணத்தில் நாலு எழுத்துப் படித்ததும் அண்ணனையே விசாரணை செய்கிறாயா?

ஆமாம், நான்தான் ஓட்டினேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை. மக்சத் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டான், அவள் முடியாது என்றாள். படித்த திமிர். அவன் முப்பதைத் தொடுகிறான், என்ன செய்வான்? கதவை மூடப் போனால் என் கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்துவிட்டாள். இன்னும் சீழ் வைக்கிறது, இந்தக் கடிதத்தைக்கூட இடது கையால்தான் எழுதுகிறேன். உனக்கு அவள் விரல்தான் பெரிதாகத் தெரிகிறது. கார்க் கதவில் கையை வைத்தால் நசுங்காமல் என்ன செய்யும்?

மக்சத் அடித்தான், உண்மைதான். அவள் தேநீர்க் கெட்டிலை எடுத்து அவன் அம்மா மேல் வீசினாள். அடிக்காமல் கொஞ்சுவானா? நாலு பெண்கள் பிடித்தும் அவள் தலையில் மருமகளுக்கான வெள்ளைத் துணியைக் கட்ட முடியவில்லை. ஞாயிறு நண்பகல் ரேடியோவைப் பெரிதாக வைத்தோம். உன் குரலைக் கேட்ட பிறகுதான் அடங்கினாள். "இதை எங்கப்பாவும் கேட்டிருப்பாரா?" என்று கேட்டாள். ஊரே கேட்டிருக்கும் என்றோம். அப்புறம் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் ஒரு நாள் முழுக்கச் செய்ய முடியாததை நீ ஒரு நிமிடத்தில் செய்துவிட்டாய் என்று மக்சத்தின் அம்மா உன்னை வாழ்த்தினாள்.

நம் அம்மாவும் இப்படித்தான் வந்தவள், செத்தா போனாள்? நம்மைப் பெற்று வளர்க்கவில்லையா? ஒரு குழந்தை பிறந்தால் இவளும் சிரிப்பாள்.

வாயை மூடிக்கொண்டு உன் பயிற்சியை முடி. நீ எங்கேயாவது உளறினால் மக்சத் மட்டும் உள்ளே போகமாட்டான், நானும் போவேன். ஆறு மாட்டையும் நோயாளி அம்மாவையும் யார் பார்ப்பது? படிக்கவைத்த அண்ணனை ஜெயிலுக்கு அனுப்பிய தங்கை என்று ஊர் காறித் துப்பும். யோசித்துக்கொள்.

தாலாய்பெக்


கோக்-பெல்
28 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

எத்தனை தடவை அடித்துவிட்டு எழுதிப் பார்த்தும் கை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு சயினா அக்காவிடம் கையெழுத்து என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். மரச்சட்டத்தால் என் முழங்கையில் அடித்தார், ரத்தம் கட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்கு ஐந்து நிமிடம் முன்னால், "எனக்குப் பல்லு வலி, மருந்துக்கடைக்குப் போறேன்" என்று என்னைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போனார். அவருக்குப் பல் வலி இல்லை என்பது உங்களுக்குப் புரியும்.

நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். போன வாழ்த்தை குல்சைரா எழுதவில்லை, கையெழுத்தைப் போட்டவள் நான் என்றேன். அவளைத் தூக்கிப் போனார்கள், அடித்தார்கள், விரலை நசுக்கினார்கள், பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றேன். காரை ஓட்டியவர் என் உடன்பிறந்த அண்ணன் தாலாய்பெக் என்றேன். "காதிர் ஐயா, உங்க பொண்ணு வரச் சொல்லலை. அவ உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கா" என்று சொல்லி முடித்தேன். பாட்டு எதுவும் போடவில்லை.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர், நான் கேள்விப்பட்டவள். காதிரும் மகன்களும் வந்ததும் மக்சத் கோடரியோடு வெளியே வந்தானாம். காதிர் அவன் தொடையில் சுட்டாராம். உங்கள் மூக்கை உடைத்தது அவளுடைய சின்னத் தம்பி என்கிறார்கள். காரைக் கவிழ்த்துக் கொளுத்தினார்களாம். குல்சைரா வெளியே வராமல் இருக்க, மக்சத்தின் பாட்டி வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாளாம். தாண்டினால் சாபம் என்று கத்தினாளாம். குல்சைரா தாண்டிவிட்டாள். இதை எழுதும்போது மட்டும் எனக்கு மூச்சு வருகிறது.

இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இரண்டு விரலையும் கட்டியிருக்கிறார்கள், மடக்க வராதாம். அடித்த அடியில் இடது காது போய்விட்டது. ஒவ்வொரு காயத்தையும் டாக்டர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை நான் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கேட்டாள். "இந்தக் குரல்தான். போதும்மா, பேசாத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தூங்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சியை முடித்து வைத்துவிட்டார்கள். மதிப்பெண் இல்லை, வேலையும் இல்லை. சயினா அக்காவையும் மேலிடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். மக்சத்தின் உறவுக்காரர்கள் நான் தங்கியிருக்கும் அறையின் ஜன்னலில் கல் எறிந்தார்கள். நெற்றியில் நாலு தையல். அம்மாவிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடுங்கள்.

அண்ணா, நேற்று விசாரணை அதிகாரி வந்தார். பெண் விரும்பித்தான் வந்தாள் என்று மக்சத் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களாம், வாழ்த்தைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்களாம். அவள் சொல்லுக்கு எதிராக அத்தனை வாய். அதை உடைக்க என்னிடம் இரண்டு கடிதங்கள்தான் இருந்தன, ஐந்தாம் தேதியும் பதினெட்டாம் தேதியும் நீங்கள் எழுதியவை. ஒரு இரவு முழுக்க மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பும் பக்கத்தில்தான் இருந்தது.

காலையில் கொடுத்துவிட்டேன். நான் செய்ததையும் எழுதிக் கொடுத்தேன், எனக்கும் தண்டனை வரலாம்.

வெள்ளிக்கிழமை உங்களைக் கூட்டிப்போக வருவார்கள். இந்தக் கடிதம் நாளைய பஸ்ஸில் வந்துவிடும், அதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன். கணவாய் வழியாக ஓடிவிடாதீர்கள், பனி ஆரம்பித்துவிட்டது. தூக்கிவர இந்த முறை மக்சத்தும் இல்லை. உள்ளே குளிரும், அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். கட்டைவிரலைத் தினமும் உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அம்மாவையும் மாடுகளையும் பார்க்க சனிக்கிழமை நான் வந்துவிடுவேன். ஊர் துப்பட்டும், துடைத்துக்கொள்கிறேன்.

இதற்குப் பதில் வராது என்று தெரியும்.

உங்களை இன்னும் அண்ணா என்றே எழுதுகிற
பெகாயிம்