குசினிக்கு வராத நாட்கள்

யூன் 3, திங்கள்
இன்றும் இரத்தம் பட்டது. தைப்பொங்கலன்று முதல் கண்டது, இன்னும் நிற்கவில்லை. எழுபத்தொரு வயதில் என்ன மாதத் துடக்கு? மருமகள் தனுசியாவிடம் முழங்கால் நோவு என்று சொல்லிக் குசினிக்கும் சாமி அறைக்கும் போகாமல் இருக்கிறேன். தெரிந்தால் சிரிப்பாள். மாதம் மூன்று நாள் அவளைப் பின்விறாந்தையில் பாயில் இருத்தினவள் நான். ஒருமுறை அந்த நாளில் வந்து சோற்றுப் பானையைத் தொட்டாள். அன்று ஊதாச் சட்டை போட்டிருந்தாள்; ஏசித் துரத்தினேன். அவள் தொட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

யூன் 11, செவ்வாய்
தனுசியா, பேத்தி லக்சிகா, வீட்டில் எல்லாரும் நயினாதீவுத் திருவிழாவுக்கு. துணியை ஒளித்துத் தோய்த்தேன்.

யூன் 20, வியாழன்
நேற்றுக் கிணற்றடியில் விழுந்தேன். சேலை முழுக்க இரத்தம். எங்கள் சுருவிலில் இருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வரைக்கும் அம்புலன்சில் என் தலை தனுசியாவின் மடியில்.
"எவ்வளவு நாளா மாமி?"
சொன்னேன்.
"என்னை மூண்டு நாள் இருத்தினியள். நீங்கள் அஞ்சு மாசம் இருந்திருக்கிறியள்."

யூன் 22, சனி
கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க் கட்டி. ஏற்றுகிற இரத்தமெல்லாம் வெளியே போகிறது. டொக்டர் சொன்னார்: "வெட்டமாட்டம் அம்மா. கவட்டடியில சின்ன ஓட்டை போட்டு, நூல் மாதிரி ரியூப் விட்டு, கட்டிக்கு இரத்தம் போற குழாயை உள்ளுக்கை அடைப்பம்."
புகையிலைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறினவள் நான். வாய்க்காலை மறித்தால் பாத்தி காயும்.
"அப்ப கட்டி போயிடுமோ?"
"இரத்தம்தான் நிக்கும். பொங்கலுக்கே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம்."

யூன் 24, திங்கள்
அடைத்துவிட்டார்கள். விழித்தபடிதான் கிடந்தேன். அடிவயிறு பிடித்து வலிக்கிறது, துணி காய்ந்திருக்கிறது.
ஏன் வாய் திறக்கேல்லை நான்? ஆருக்கு வெக்கப்பட்டனான் — அவளுக்கோ? என்ரை உயிரைக் குடுத்தோ?

யூலை 14, ஞாயிறு
வீட்டில். இரத்தம் இல்லை, கட்டி இருக்கிறது. காலையில் தேத்தண்ணி வரவில்லை. பார்த்தால் தனுசியா பின்விறாந்தைப் பாயில்.
"துடக்கு மாமி. லக்சிகாவைப் பாண் வாங்க விட்டனான்."
"குசினிக்கு வா பிள்ளை."
"வேண்டாம். பழகிட்டுது."
அவளும் அந்த ஊதாச் சட்டை நாளை மறக்கவில்லை. நானென்றாலும் மறந்திருக்க மாட்டேன்.
மெல்ல அடுப்பை மூட்டி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். கொண்டுபோய்ப் பாயின் ஓரத்தில் இருந்தேன். அவள் தள்ளி இருந்தாள்.
"தொட்டா முழுக வேணும், மாமி."
தொட்டேன்.
முழுகவில்லை.