பட்டாணியின் நாற்பத்தாறு

மார்ச் 4, செவ்வாய்

"அத்தை, இது என்னாலதானா?"

ஆறு வருடத்துக்கு முன், பேத்தி பட்டாணி பிறந்த மூன்றாம் நாள், பிரசவ வார்டில் மருமகள் என்னைக் கேட்டது. இன்று அவளுடைய சிறப்புப் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பும்போது ஞாபகம் வந்துவிட்டது. "குரோமோசோம் பரிசோதனை அறிக்கை இணைக்கவும்" என்று அதில் ஒரு வரி. எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. இல்லாததற்குக் காரணம் நான்.

அன்று டாக்டர் குழந்தைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். "பார்த்தாலே தெரியுதே டாக்டர், டவுன் சின்ட்ரோம்தான். அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயசு. பச்சப்புள்ளையை எதுக்குக் குத்தணும்?" என்றேன். முப்பத்தொரு வருடம் உயிரியல் பாடம் எடுத்தவள் சொன்னால் வீட்டில் யார் மறுப்பார்கள்? மகனும் தலையாட்டினான்.

மருமகளுக்கும் பாடம்தான் எடுத்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு. கருமுட்டைகள் அவள் பிறக்கும் முன்பே உருவாகி, பாதிப் பிரிவில் நின்று காத்திருப்பதை. வயது ஏற ஏற, பிரிய வேண்டிய குரோமோசோம் ஜோடி சில சமயம் பிரியாமலே போவதை. இருபத்தோராம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, மொத்தம் நாற்பத்தாறுக்குப் பதில் நாற்பத்தேழு. "கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டியேம்மா" என்றும் சொன்னேன்.

அன்பாகத்தான் சொன்னேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மார்ச் 6, வியாழன்

ரத்தம் கொடுத்தாயிற்று. பட்டாணி அழவில்லை. ஊசியை எடுத்த லேப்காரரிடம், "இப்ப உன் கையக் காட்டு" என்றாள். அவர் நிஜமாகவே காட்டினார்.

மார்ச் 28, வெள்ளி

அறிக்கையில் நாற்பத்தாறு என்று இருந்தது. நாற்பத்தேழு இல்லை.

"லேப்ல மாத்திட்டாங்க போல டாக்டர்."

"கீழ அடுத்த வரியைப் படிங்க டீச்சர்" என்றார், தேர்வுத்தாளில் விட்ட வரியைச் சுட்டிக்காட்டும் தொனியில்.

படித்தேன். மூன்றாவது இருபத்தொன்று இருக்கிறது. தனியாக இல்லை, ஒரு பதினாலாம் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது; எண்ணும்போது இரண்டும் சேர்ந்து ஒன்று. இந்த வகையும் உண்டு என்று எனக்குத் தெரியும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் நூற்றில் மூன்று நாலு பேருக்கு. பாடத்தில் ஒரே வரி. தேர்வில் வராது என்று ஒவ்வொரு வருடமும் தாண்டிப் போவேன்.

"இதுக்கும் அம்மாவோட வயசுக்கும் சம்பந்தம் இல்லை. பரம்பரையா வந்திருக்கலாம், புதுசாவும் நடந்திருக்கலாம். அப்பா அம்மா ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணிடுங்க."

மருமகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "வயசு இல்லைன்னு சொன்னீங்களே டாக்டர். அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார். நான் மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மருமகள் கட்டட வரைபடம் போடுகிறவள். பட்டாணிக்கு மூன்று மாதம் ஆனபோது வேலையை விட்டாள். அலுவலகத்திலிருந்து இரண்டு முறை வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். "வேலை வேலைன்னு இருந்தது போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பாசம் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

பாசமா அது? தண்டனை. தனக்குத் தானே போட்டுக்கொண்டது. தீர்ப்பு எழுதிக் கொடுத்தது யார்?

ஏப்ரல் 17, வியாழன்

டெஸ்ட் முடிவு வந்தது. மருமகளுக்கு எல்லாம் சரி. மகனுக்குக் குரோமோசோம் நாற்பத்தைந்து.

"ஒண்ணு எங்கம்மா போச்சு?" என்று பதறிவிட்டான்.

"எங்கயும் போகலடா. ரெண்டு புத்தகத்தைச் சேர்த்து ஒரே அட்டையில பைண்டு பண்ணின மாதிரி. எண்ணினா ஒண்ணு குறையும், படிக்க எல்லாம் இருக்கும். அதனாலதான் உனக்கு ஒண்ணும் இல்லை. பிள்ளைக்குப் பாதி பிரிச்சுக் கொடுக்கறப்ப, அந்த பைண்டும் போய், தனியா இருக்கிற இருபத்தொண்ணும் கூடப் போயிட்டா..."

"சரி. எனக்கு யார் பைண்டு பண்ணிக் கொடுத்தது?"

அவன் அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. மிச்சம் நான். மாலையே போய் ரத்தம் கொடுத்தேன்.

மே 9, வெள்ளி

எனக்கும் நாற்பத்தைந்து.

இப்படி ஒட்டியிருப்பவர்களுக்குக் கரு கலைவதும் உண்டு; மகனுக்கு முன் எனக்கு இரண்டு கலைந்தது. நான் மாடிப்படி ஏறியதால்தான் என்றார் என் மாமியார். அவர் சாகும்வரை அதை நான் மன்னிக்கவில்லை.

அவராவது படிக்காதவர்.

மே 10, சனி

மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். என்னிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து பட்டாணிக்கு.

"அப்ப உங்க தப்பா அத்தை?"

"அப்படி இல்லம்மா! பிரியும்போது எது எந்தப் பக்கம் போகும்னு யார் கையிலயும் இல்லை. யாரும் வேணும்னு செய்யறதில்லை, தடுக்கவும் முடியாது. இதுல தப்புன்னு ஒண்ணு..." படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன்.

பட்டாணியின் கவுனை மடிப்பதை அவள் நிறுத்தினாள்.

"இதை அன்னிக்கு எனக்குச் சொல்லியிருக்கலாமே அத்தை. இதே மாதிரி, இதே வேகத்துல."

உண்மைதானே. வயதுக் கதையே சரியாக இருந்திருந்தாலும், அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. எனக்கு என்று வந்ததும் ஒரே நொடியில் வந்த பதில், அவளுக்கு ஏன் வரவில்லை?

"மன்னிச்சுடும்மா."

"பாக்கலாம்" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே 22, வியாழன்

இன்னும் அளந்துதான் பேசுகிறாள். அளக்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் அவள் மறுபடி வேலைக்குப் போகிறாள். என்னிடம் யோசனை கேட்கவில்லை, தகவல் சொன்னாள். பள்ளி வேன் வரும் நேரம், பட்டாணியின் மருந்து, மதியத் தூக்கம் எல்லாம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். அடியில்: "சந்தேகம் இருந்தால் போன் பண்ணுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்." எனக்கு வேண்டியதுதான்.

ஆறு மணி ஆகியும் வரவில்லை. "பாட்டி, அம்மா ஏன் இன்னும் வரல?" என்று பட்டாணி கேட்டாள். முதல் நாள், வேலை அதிகம், சாலை நெரிசல் — மூன்று காரணம் நாக்கு நுனியில் வந்து நின்றது. "தெரியலடா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏழு மணிக்கு வந்தாள். விரலெல்லாம் பென்சில் கறை. செருப்பைக் கழற்றும் முன்பே, "அத்தை, ஸ்கேலைச் சரியாப் பிடிக்க இன்னும் வருது எனக்கு" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இந்த நோட்டை யார் எடுத்துப் படித்தாலும் இதை ஒருமுறை செய்து பாருங்கள்: உங்களுக்கு உறுதியாகத் தெரியாததை யாராவது கேட்டால், "தெரியல" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள்.