நான்காம் கூண்டு மலைப்பாம்பை இந்த ஆண்டு ஜோடி சேர்க்க வேண்டாம்

அனுப்புநர்:
பராமரிப்பாளர் (பதினேழு ஆண்டுப் பணி),
பாம்புகள் பிரிவு, உயிரியல் பூங்கா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
உயிரியல் பூங்கா.

பொருள்: பெண் மலைப்பாம்பை ஆணுடன் சேர்க்கும் உத்தரவை நிறுத்திவைத்து, உடனே எக்ஸ்ரே எடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. நான்காம் கூண்டில் இருப்பவளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்த் தொட்டியை நகர்த்தினால் சீறுவாள், இடத்தைத் துடைத்தால் சீறுவாள், எதைச் செய்தாலும் அவளுக்குக் குறைதான். அதனால் பிரிவில் எல்லோருக்கும் அவள் 'அத்தை'. வரும் திங்கட்கிழமை அவளை ஆண் பாம்போடு சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. அது நடந்தால் அவள் பிழைப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

2. காட்டில் இவளைப் போன்ற ஒருத்தி ஒருமுறை முட்டையிட்டால், அடுத்ததற்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு வாரக்கணக்கில் பட்டினி கிடப்பாள். இழந்த சதையை வேட்டையாடித்தான் தேற்ற வேண்டும். இரை கிடைக்காத ஆண்டில் உடம்பே வேண்டாம் என்று சொல்லிவிடும். இங்கே வேளாவேளைக்கு இரை போடுகிறோம், முட்டைகளை அன்றே எடுத்துக் குஞ்சு பொரிப்பானில் வைக்கிறோம், பருவம் வந்ததும் ஆணையும் விடுகிறோம். ஊர்ந்து உடம்பை முறுக்கி வலுவேற்ற அவளுக்கு இருப்பது பன்னிரண்டு அடிக் கூண்டுதான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முட்டையிட்டாள்: முப்பத்தொன்று, இருபத்தாறு, பத்தொன்பது. நுழைவாயில் பலகையில் 'புது வரவு' எண்ணிக்கை குறைகிறதே என்று கண்காணிப்பாளர் வருத்தப்பட்டார்.

3. முட்டை எடுக்கும் நாளில் தாயை எடை போடுவது நம் வழக்கம். இருபத்துநான்கு கிலோவுக்கு மேல் இருந்தால் அடுத்த பருவத்துக்குத் தகுதி. அத்தையின் எடை இருபத்துநான்கு கிலோ முந்நூறு கிராம். அந்த முந்நூறு கிராமை நம்பித்தான் உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

4. ஐயா, இதை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். எடை போடும் முன் தாயின் வயிற்றை விரலால் தடவி, உள்ளே முட்டை தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அன்று பார்வையாளர்கள் கண்ணாடிக்கு வெளியே நெருக்கியடித்து நின்றார்கள், அவள் சீறிக்கொண்டே இருந்தாள், நான் அவசரப்பட்டேன். தடவிப் பார்க்கவில்லை. எடையை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சென்ற செவ்வாய்க்கிழமை தொட்டி கழுவ அவளைத் தூக்கியபோது, வாலுக்கு ஒரு முழம் மேலே கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. மூன்று. வெளியே வராமல் தங்கிவிட்ட முட்டைகள்; அவை வழியை அடைத்திருக்கும்போது மறுபடி கருவுற்றால் அவள் உடம்பு தாங்காது. முட்டையிட்ட பிறகு ஏழு முறை இரையை அவள் தொடவில்லை. கோபக்காரி, வீம்பு பிடிக்கிறாள் என்று சிரித்துக்கொண்டிருந்தேனே! அவளைத் தகுதிக் கோட்டுக்கு மேலே தூக்கி நிறுத்தியது அந்த மூன்று முட்டைகளின் எடை.

5. அன்றே கண்காணிப்பாளரிடம் சொன்னேன். "எடை சரியா இருக்குன்னு நீங்கதானேம்மா எழுதிக் கொடுத்தீங்க, இப்ப வந்து இல்லைங்கறீங்க?" என்றார். மருத்துவர் பத்து நாள் விடுப்பில் இருக்கிறார். என் கணவரோ, "வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அதையும் மூணாவதா கூட்டிட்டு வந்துடு" என்கிறார். இரண்டு நாளாக நானும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதால் வந்த கிண்டல் அது.

6. ஆகவே, வெளியிலிருந்தாவது ஒரு மருத்துவரை வரவழைத்து நாளைக்குள் எக்ஸ்ரே எடுக்கவும், முட்டைகளை அகற்றவும், அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு அவளை ஜோடி சேர்க்காமல் விடவும் வேண்டுகிறேன். தவறாக எழுதியதற்கு என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இந்தப் புகாரில் தவறு செய்தவர்கள் வரிசையில் முதல் பெயர் என்னுடையதே.

7. அவள் கூண்டுக்கும் ஆண் பாம்பின் கூண்டுக்கும் இடையிலுள்ள கதவின் சாவி என் பொறுப்பில் இருக்கிறது. அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை என் கையால் அந்தக் கதவைத் திறக்க முடியாது. திறந்தே ஆக வேண்டுமென்றால் தாங்களே வாருங்கள் ஐயா. அதற்கு முன் ஒரே ஒரு முறை, நான் காட்டும் இடத்தில் அவள் வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். தலைப்பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன்.

இடம்: நான்காம் கூண்டின் முன்
நாள்: வெள்ளிக்கிழமை, காலை

இப்படிக்கு,
(கையொப்பம்)
பராமரிப்பாளர், பாம்புகள் பிரிவு

இணைப்பு: சாவி ஒன்று.